ஜன்னல் இல்லாத கேபினும் அம்மாவின் பினாங்கும்

என் தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, 1950களில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போனவர். எங்கள் பக்கத்தில் அந்தக் கப்பலின் பெயரைக் கேட்டாலே வயதானவர்களுக்கு முகம் மாறும். நாகையில் கப்பல் கரைக்கு வராது, படகில் போய்த்தான் ஏற வேண்டும். தாத்தா எடுத்தது டெக் டிக்கெட், இருந்ததிலேயே மலிவானது. பாயை விரித்துக்கொண்டு, கட்டுச்சோற்றையும் ஊறுகாயையும் வைத்துக்கொண்டு ஐந்தாறு நாள் கடலில். "கடைசி நாள் விடியும்போது முதல்ல கொடிமலை தெரியும், அப்புறம்தான் ஊர் தெரியும்" என்று அவர் சொன்னதை அம்மா எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர் தாத்தா. அம்மாவுக்கு இப்போது 68 வயது. கொடிமலை என்கிற அந்தப் பினாங்கு மலையைக் கடலிலிருந்து ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவர் என்னிடம் பெரிதாக எதுவும் கேட்டதில்லை. அதற்காகத்தான் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்தை ஜூன் மாதம் போட்டேன். எல்லாவற்றையும் யோசித்த நான் கேபினை மட்டும் யோசிக்கவில்லை. அதனால் என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

டிராவல் ஏஜென்ட் நான்கு விலை காட்டினார். ஜன்னலே இல்லாத உள் கேபின், இரண்டு பேருக்கும் துறைமுகக் கட்டணம் உட்பட 92,000 ரூபாய். ஜன்னல் உள்ள கேபின் அதைவிட 14,000 அதிகம். பால்கனி என்றால் 40,000 அதிகம். சூட் பக்கம் நான் பார்க்கவே இல்லை. உள் கேபினிலும் 'காரன்டி' என்று ஒன்று இருக்கிறது, அதுதான் இந்த 92,000 என்றார். "கேபின்ல தூங்க மட்டும்தானே மேடம் போறீங்க, நாள் முழுக்க வெளியிலதான் இருப்பீங்க" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய்வர விமான டிக்கெட், கப்பலில் ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 18 டாலர் சேவைக் கட்டணம், இன்ஷூரன்ஸ் என்று ஏற்கெனவே கணக்கு ஏறிக்கொண்டே போனது. 14,000 மிச்சம் என்றால் இரண்டு பேருடைய புக்கெட் சுற்றுலாவை அதில் முடித்துவிடலாம் என்று மனம் கணக்குப் போட்டது. உடனே பணம் கட்டிவிட்டேன்.

'காரன்டி' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு ஏதோ உறுதி கிடைத்தது போல இருக்கும். உண்மையில் உறுதியாவது கேபினின் வகை மட்டும்தான். எந்தத் தளம், முன்பக்கமா பின்பக்கமா, மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது எதுவும் நம் கையில் இல்லை. மற்றவர்கள் எல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்த பிறகு மிச்சமிருப்பதில் ஒன்றைக் கப்பல் நிறுவனமே ஒதுக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் நல்ல இடம் கிடைக்கும், சில சமயம் மேல் வகைக்குக்கூட மாற்றிக் கொடுப்பார்கள் என்கிறார்கள். ஆனால் ஒதுக்கிய பிறகு 'இது வேண்டாம், வேறு கொடுங்கள்' என்று கேட்க வழி இல்லை. எங்கும் தூங்கக்கூடிய, எதற்கும் தலை சுற்றாத இரண்டு இளவட்டங்கள் போவதானால் காரன்டி எடுக்கலாம், தப்பில்லை. வயதானவர், குழந்தை, முழங்கால் வலிக்காரர், தூக்கம் கெட்டால் தாங்காதவர் என்று யார் கூட வந்தாலும் காரன்டி எடுக்காதீர்கள். நான்கைந்தாயிரம் கூடக் கொடுத்தாவது எண்ணை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது எண் வந்தது. 12ஆம் தளம். மேல் தளம் கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டு அம்மாவிடமும் சொன்னேன். கப்பலின் தள வரைபடம் நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதே எனக்கு அப்போது தெரியாது. மெரினா பே துறைமுகத்தில் ஏறி, லிஃப்டிலிருந்து வெளியே வந்து கேபினைத் தேடி நடந்தோம். நடந்தோம், நடந்துகொண்டே இருந்தோம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கதவுகள், ஒரே மாதிரி கம்பளம், முடிவே தெரியாத நடைபாதை. நாங்கள் ஏறியது நடு லிஃப்ட், கேபின் இருந்ததோ கப்பலின் மூக்குப் பக்கம். அம்மா இரண்டு இடத்தில் சுவரிலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பாட்டுக்கூடமோ கப்பலின் பின்கோடியில். 300 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல். ஒரு வேளை சாப்பிட்டு வர அரை கிலோமீட்டருக்கு மேல் நடை. முழங்கால் வலியோடு மூன்று வேளை அதை நடக்கச் சொன்னது யார் என்றால் நான்தான். அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

கதவைத் திறந்ததும் ஒரு சின்ன அறை. 150 சதுர அடி இருக்கும். இரண்டு கட்டில், ஒரு மேஜை, ஒரு கண்ணாடி. எதிர்ச்சுவரில் ஒரு திரைச்சீலை தொங்கியது. அம்மா நேராகப் போய் அதை விலக்கினார். பின்னால் வெறும் சுவர். ஜன்னல் போலத் தெரியட்டும் என்று அழகுக்கு மாட்டியிருக்கிறார்கள். அம்மா சீலையை மறுபடி இழுத்து, மடிப்பைச் சரிசெய்துவிட்டு, "சரி, ஏசி நல்லா வருது" என்றார். அந்தக் கை மடிப்பைச் சரிசெய்த விதம் எனக்கு இப்போதும் கண்முன் நிற்கிறது. 

இரவு விளக்கை அணைத்த பிறகுதான் உள் கேபின் என்றால் என்ன என்று புரிந்தது. அது நம் வீட்டு இருட்டு இல்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். அம்மா எழுந்து பழகியது நாலரை மணிக்கு, வாசல் தெளிக்கும் நேரம். அந்த இருட்டில் அவருக்கு நேரமே பிடிபடவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து "விடிஞ்சிடுச்சா?" என்றார். மூன்றரைக்கு மறுபடி கேட்டார். நாலு மணிக்குத் தட்டுத்தடுமாறிக் குளியலறைக்குப் போனவர் வாசல்படியில் இடித்துக்கொண்டு விழப் பார்த்தார். கப்பல் குளியலறைகளில் தண்ணீர் வெளியே வராமலிருக்க சில அங்குல உயரத்துக்குப் படி போலக் கட்டியிருப்பார்கள். நடக்கச் சிரமப்படுபவர்களுக்கென்றே படி இல்லாத, கைப்பிடி வைத்த கேபின்கள் கப்பலில் சில உண்டு. அவை முதலிலேயே தீர்ந்துவிடும், அதனால் பதிவு செய்யும்போதே கேட்க வேண்டும். உள் கேபின்தான் என்று ஆகிவிட்டால், ஒரு சின்ன இரவு விளக்கு, பேட்டரியில் எரிவது, கட்டாயம் எடுத்துப் போங்கள். இன்னொரு வழியை இரண்டாம் நாள் கண்டுபிடித்தேன். டிவியில் கப்பலின் முன்னால் தெரிவதை நேரடியாகக் காட்டும் சேனல் ஒன்று இருந்தது. சத்தத்தை முழுக்கக் குறைத்து அதை ஓடவிட்டால் வெளியே விடிகிறபோது அறையிலும் கொஞ்சம் வெளிச்சம் வரும்.

ஐந்தரை மணிக்கு வேறொன்று தொடங்கியது. மேலே 'தட்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு மறுபடி 'தட்'. நடுவே யாரோ ஓடுவது போல இடைவிடாத அதிர்வு. வரவேற்பில் விசாரித்தபோது, எங்கள் தலைக்கு நேர் மேலே, 14ஆம் தளத்தில், உடற்பயிற்சிக்கூடம் என்றார்கள். பல கப்பல்களில் 13 என்ற எண்ணையே விட்டுவிடுவார்கள், 12க்கு மேல் 14. வரைபடத்தைப் பார்த்தவர்கள்கூட நடுவில் ஒரு தளம் இருக்கிறது என்று ஏமாந்துபோகலாம். எடையைக் கீழே போடுகிற ஒவ்வொரு தடவையும் எங்கள் கூரையில் விழுந்தது. போதாததற்குப் பக்கத்துக் கேபினுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு இணைப்புக் கதவு. பெரிய குடும்பங்கள் இரண்டு கேபினையும் ஒன்றாக்கிக்கொள்ள வைத்திருப்பது. பூட்டித்தான் இருந்தது, ஆனால் சுவர் தடுக்கிற சத்தத்தை அந்தக் கதவு தடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு குழந்தை அழுததும் அதன் அம்மா தாலாட்டியதும் நம் அறையிலேயே நடப்பது போலக் கேட்டது.

ஆகவே வரைபடத்தில் முதலில் உங்கள் கேபினைப் பார்க்காதீர்கள். அதற்கு மேல் தளத்தையும் கீழ்த் தளத்தையும் பாருங்கள். மேலேயும் கேபின், கீழேயும் கேபின் என்றால் அதுதான் அமைதியான இடம். இதைவிடப் பெரிய விதி எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். மேலே நீச்சல்குளம் இருந்தால் விடிகாலையில் நாற்காலிகளை இழுத்துப் போடுவார்கள். பஃபே இருந்தால் தள்ளுவண்டிச் சத்தம். கீழே நாடக அரங்கமோ நடனக்கூடமோ இருந்தால் நள்ளிரவு தாண்டியும் தரை அதிரும். கீழ்த் தளத்தில் மூக்குப் பக்கம் என்றால் நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தமும், துறைமுகத்தில் கட்டும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் எந்திரம் ஓடும் சத்தமும் விடிகாலையில் தூக்கிப்போடும். கீழ்த் தளத்தில் பின்கோடி என்றால் எந்திர அதிர்வு. லிஃப்டுக்கு அருகில் என்றால் வயதானவர்களுக்கு வசதிதான், ஆனால் லிஃப்டை ஒட்டிய முதல் கேபின் வேண்டாம், ஐந்தாறு கதவு தள்ளி எடுங்கள். இணைப்புக் கதவு உள்ள கேபின்களை வரைபடத்தில் ஒரு சின்னக் குறியால் காட்டியிருப்பார்கள். குடும்பமாக இரண்டு கேபின் எடுக்கிறீர்கள் என்றால் மட்டும் அதைத் தேடிப் போங்கள்.

இரண்டாம் நாள் மதியம் பினாங்கு. அட்டவணையில் இரண்டரை என்று இருந்தது. இரவு தூக்கமில்லாததால் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குக் கொஞ்சம் படுப்போம் என்று கேபினுக்கு வந்தோம். நான் ஒன்றே முக்காலுக்கு அலாரம் வைத்தேன். அந்த இருட்டில் இரண்டு பேரும் அடித்துப்போட்டது போலத் தூங்கியிருக்கிறோம். அலாரம் அடித்ததும் அணைத்ததும் எனக்கு நினைவில்லை. அறிவிப்பு எதுவும் கேபினுக்குள் கேட்கவில்லை. விழித்தபோது மணி 2:20. அம்மாவை அவசரமாகக் கிளப்பி, நடைபாதை முழுவதும் நடந்து, லிஃப்டுக்குக் காத்திருந்து மேல்தளத்துக்குப் போனால் கம்பியோரம் நாலு வரிசை ஆட்கள், எல்லார் கையிலும் செல்போன். கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கயிறு கட்டிக்கொண்டிருந்தது. தோள்களுக்கு நடுவே மணிக்கூண்டின் உச்சி தெரிந்தது. கொடிமலை அப்போது மேகத்துக்குள் எங்கோ இருந்தது. அம்மா கால்விரலில் எக்கி எக்கிப் பார்த்துவிட்டு, "வந்து சேந்தாச்சு போல" என்றார். நான் பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு தடவை வாழ்க்கையில் கேட்டதை, பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கண்ணை மூடவைத்த மாதிரி ஆகிவிட்டது.

கரையில் இறங்கி ஆட்டோ போல ஒரு வண்டி எடுத்து குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1833இல் கட்டிய கோயில். தாத்தா வெள்ளிக்கிழமை தவறாமல் போனதாகச் சொன்ன கோயில். அம்மா அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். மார்க்கெட் தெருவில் எங்கு திரும்பினாலும் தமிழ். அந்த மாலை நல்ல மாலைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பும்போது அம்மா சொன்ன ஒரு வாக்கியத்தை நான் மறக்கப்போவதில்லை. "எங்கப்பா இருக்குறதுலயே கொறஞ்ச டிக்கெட்டுல வந்தாரு. ஆனா பாய விரிச்ச எடத்துலயே கடல் இருந்துச்சு." என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. தாத்தாவை நினைத்துச் சொன்னார். அன்றைக்கு மலிவான டிக்கெட்காரருக்குக் கூரைதான் இல்லை, இன்றைக்கு மலிவான டிக்கெட்காரருக்குக் கடல் இல்லை.

அன்றிரவு பத்து மணிக்குக் கப்பல் புக்கெட் நோக்கிக் கிளம்பியது. மலாக்கா நீரிணைக்குள் இருக்கும்வரை சுமத்ரா தீவு மேற்கே சுவர் போல நின்று அலையைத் தடுக்கிறது. பினாங்கைத் தாண்டி வடக்கே போகப் போக அந்தச் சுவர் முடிந்து அந்தமான் கடல் திறந்துகொள்கிறது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம், அந்தப் பக்கம் அலை எழும்பும். ஜூனில் பதிவு செய்த எனக்கு இது தெரியாது. நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில் அறை மெதுவாக மேலே போய், ஒரு கணம் நின்று, வயிற்றை விட்டுவிட்டு இறங்கத் தொடங்கியது. மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டில் உருண்டது. சுவருக்குள் எங்கோ பலகை முனகியது. இருட்டில் எது மேல் எது கீழ் என்றே தெரியாமல் அம்மா எழுந்து உட்கார்ந்தார், உடனே வாந்தி. பிறகு அடுத்தடுத்து நான்கு தடவை. கை கால் சில்லிட்டுவிட்டது. "ஜன்னலத் தொறடி" என்றார். திறக்க ஜன்னல் எங்கே இருக்கிறது?

நான் ஒருத்திதான். வரவேற்புக்கு போன் போட்டேன், மருத்துவரிடம் கூட்டி வாருங்கள், சக்கர நாற்காலி அனுப்புகிறோம் என்றார்கள். கேபின் மாற்றித் தர முடியுமா என்று கெஞ்சினேன். சிங்கப்பூரில் பள்ளி விடுமுறைக் காலம், கப்பலில் ஒரு கேபின்கூடக் காலியில்லை. மருத்துவ அறையில் ஒரு ஊசி, மாத்திரை, கொஞ்ச நேரம் படுக்கை. பில் 187 டாலர். அது முடிந்து கேபினுக்குத் திரும்ப எனக்கு மனமே வரவில்லை. நாற்காலியைத் தள்ளிவந்த பணியாளர், மதுரைப் பக்கத்துப் பையன், "அக்கா, மேல போகாதீங்க. அஞ்சாவது தளம், நடு லாபி, அங்க சோபா இருக்கு. அங்க ஆட்டமே தெரியாது" என்றார். நம்பிக்கையில்லாமல்தான் போனேன். ஆனால் அவர் சொன்னது அப்படியே உண்மை. அதே கப்பல், அதே அலை, அங்கே ஏதோ தொட்டில் போல லேசான அசைவு மட்டும். பெரிய கண்ணாடி வழியே தூரத்தில் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் தெரிந்தன. அம்மா என் மடியில் தலைவைத்து விடியும்வரை அங்கேயே தூங்கினார். நான் விழித்திருந்தேன்.

விஷயம் ரொம்ப எளிது. கப்பல் அலையில் ஏறி இறங்கும்போது நடுப்பகுதி அச்சு போல நிற்க, இரண்டு முனையும் பள்ளிக்கூட ஏற்ற இறக்கப் பலகை மாதிரி தூக்கிப் போடும். பக்கவாட்டில் சாயும்போது உயரத்தில் இருப்பவருக்குச் சாய்வு அதிகம், தாழ்வில் இருப்பவருக்குக் குறைவு, தென்னையின் அடிமரமும் குருத்தும் மாதிரி. இந்தக் காலத்துக் கப்பல்களில் பக்கச் சாய்வைக் குறைக்க நீருக்கடியில் துடுப்பு போன்ற தகடுகள் உண்டு, ஆனால் முன்பின் ஆட்டத்தை அவை நிறுத்தாது. எங்கள் கேபின் மூக்கிலும் இருந்தது, உச்சியிலும் இருந்தது. நாகைக்காரர்களான எங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். படகின் மூக்கான அணியத்தில் உட்கார்ந்தால் தூக்கிப் போடும், நடுவில் உட்காரு என்று மீனவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதுதான். ஏனோ மேல் தளம் என்றால் உசத்தி என்று மனதில் பதிந்துவிட்டது. தலைசுற்றல் பயம் இருந்தால் நடுவில், கீழே. இந்த இரண்டு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பாருங்கள். அவோமின் போன்ற மாத்திரைகளை வாந்தி வந்த பிறகு போட்டுப் பெரிய பயன் இல்லை, முன்கூட்டியே போட வேண்டும். ஆனால் அவை தூக்கத்தையும் தடுமாற்றத்தையும் தரும், வயதானவர்களுக்கு வேறு மருந்துகளும் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் கிளம்பும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். கப்பலுக்கு உள்ளே வாங்கும் வைத்தியம் விலை அதிகம்.

புக்கெட்டில் பெரிய கப்பல் கடலிலேயே நின்றது. அங்கிருந்து சின்னப் படகில் படோங் கரைக்குப் போக வேண்டும். அந்தப் படகு அலையில் ஆடியதைப் பார்த்ததுமே அம்மா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். முன்பே கட்டியிருந்த சுற்றுலா, ஆளுக்கு 69 டாலர், இரண்டு பேருக்கு 138. திருப்பித் தரவில்லை. மருத்துவச் செலவில் முதல் 100 டாலர் நம் பொறுப்பு என்று என் இன்ஷூரன்ஸில் இருந்தது, மிச்சம் 87 டாலர் இரண்டு மாதம் கழித்து வந்தது. ஆக என் கையைவிட்டுப் போனது 238 டாலர், நம் கணக்கில் ஏறக்குறைய 20,000 ரூபாய். ஜன்னல் கேபினுக்குக் கூடுதலாகக் கேட்டது 14,000. பணத்தை விடுங்கள், மூன்றாவது இரவும் நான்காவது இரவும் நாங்கள் லாபி சோபாவில்தான் படுத்தோம். கேபினைத் துணி மாற்ற மட்டும் பயன்படுத்தினோம். ஊழியர்கள் யாரும் எழுப்பவில்லை, போர்வைகூடக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஊருக்கு வந்து ஒரு மாதம் இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அதில் தெரிந்த சிலதையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் கேபின் என்று போட்டிருந்தாலும் 'மறைப்பு' என்று சின்ன எழுத்தில் இருந்தால், வெளியே உயிர்காப்புப் படகு தொங்குகிறது என்று அர்த்தம். வெளிச்சம் வரும், கடல் வராது. விலை குறைவு, வெளிச்சம் போதும் என்பவர்களுக்கு அது நல்ல பேரம். ஜன்னல் எதுவானாலும் திறக்க முடியாது, காற்று வேண்டுமென்றால் பால்கனிதான். பால்கனி என்றதும் கடல்தான் என்று எண்ண வேண்டாம். ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் போன்ற பிரம்மாண்டக் கப்பல்களில் கப்பலின் நடுவே உள்ள பூங்காவைப் பார்த்த பால்கனிகளும் உண்டு. நான்கு இரவுப் பயணத்துக்குப் பால்கனி அவசியம் என்று நான் சொல்ல மாட்டேன். அலாஸ்கா, நார்வே என்று நாள் முழுக்கக் கரையைப் பார்த்துக்கொண்டே போகிற வழியென்றால் அந்தப் பணம் வீணாகாது. தனியாகப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும், கேபின் விலை பெரும்பாலும் இரண்டு பேர் கணக்கில்தான். ஒருவர் போனாலும் கிட்டத்தட்ட இரண்டு பேர் பணம் கேட்பார்கள். 2010இல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பலில் ஒருவருக்கென்றே 128 சின்னக் கேபின்கள் வைத்தார்கள், அதன்பின் வேறு சில கப்பல்களிலும் வந்திருக்கிறது. தேடிப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விட நான் முதலில் செய்திருக்க வேண்டியது, அம்மா எதைப் பார்க்க வருகிறார் என்று கேட்டு, அதிலிருந்து கேபினைத் தேடியிருக்க வேண்டும். இப்போது அப்படித்தான் செய்திருக்கிறேன். பினாங்கின் நிலப்படத்தை விரித்து வைத்துப் பார்த்தேன். பினாங்குப் பாலத்தின் உயரம் போதாததால் பெரிய பயணிகள் கப்பல்கள் தெற்கிலிருந்து வந்தாலும் தீவைச் சுற்றி வடக்கு வாயில் வழியாகத்தான் உள்ளே வரும். தீவின் மேற்குக் கரையோரம் வடக்கே ஏறி, கிழக்கே திரும்பி, மறுபடி தெற்கே இறங்கும். விரலை வைத்து ஓட்டிப் பாருங்கள், மூன்று திருப்பத்திலும் தீவு கப்பலின் வலப்பக்கம்தான் இருக்கிறது. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அம்மா யாருடைய தோளுக்கும் நடுவே எக்கிப் பார்த்திருக்க வேண்டாம். கட்டிலில் உட்கார்ந்தபடியே பார்த்திருக்கலாம்.

வரும் பிப்ரவரிக்குப் பதிவு செய்துவிட்டேன், அந்தமான் கடல் அமைதியாக இருக்கும் மாதம். 6ஆம் தளம், நடுப்பகுதி, வலப்பக்கம், ஜன்னல். மேலேயும் கேபின், கீழேயும் கேபின். நடு லிஃப்டிலிருந்து ஏழாவது கதவு. இணைப்புக் கதவு இல்லை. காரன்டி இல்லை, எண்ணை நானே எடுத்தேன், அதற்காக விட்டுக்கொடுத்தது புக்கெட் சுற்றுலா. ஏஜென்ட் கொடுத்த தாளை அம்மாவிடம் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஜன்னல் என்று இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இது நெஜ ஜன்னல்தானே?" என்று கேட்டார். ஆமாம்மா என்றேன். தாளை மடித்து, பெட்டியிலிருந்த தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார்.